ஓவனில் ஃப்ரூட் லெதர்: ஒட்டுகிறதா, உடைகிறதா, நடுவில் காயவே மாட்டேன் என்கிறதா?

பழக்கூழை ட்ரேயில் பரப்பி, ஓவனில் மெல்லிய சூட்டில் காயவைத்து, தகடாக உரித்துச் சுருட்டுவதுதான் ஃப்ரூட் லெதர். செய்முறை இரண்டு வரியில் முடிந்துவிடும், ஆனால் கெட்டுப்போகிற வழிகள் நிறைய. எனக்கும் என்னிடம் கேட்பவர்களுக்கும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளையே இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் ட்ரேயில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு வைக்கிற காரணம் கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இந்த இரண்டு

ஒன்று, ஓவனின் உண்மையான சூடு. குமிழில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாதீர்கள், 10, 15 டிகிரி தள்ளி ஓடும் ஓவன்கள் மிகச் சாதாரணம். கேக் சுடும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் 60 டிகிரி செல்சியஸில் காயவைக்கிற வேலையில் 15 டிகிரி என்பது காய்வதற்கும் வேகுவதற்கும் நடுவில் உள்ள கோடு. உள்ளே வைக்கிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் வையுங்கள். 20 நிமிடம் சூடேறவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஓவன் சூடேறி அணைந்து மறுபடி சூடேறும், அதனால் ஒரே ஒரு தடவை பார்த்த எண் எதையும் சொல்லாது. ஏறின உச்சம் எவ்வளவு, இறங்கின அடி எவ்வளவு, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கூழின் கனம். 33 × 38 சென்டிமீட்டர் ட்ரேக்கு இரண்டு கப், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அது 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் பரவும். ஓரங்கள் எப்போதும் நடுவை முந்திக் காயும், அதனால் ஓரத்தில் ஒரு நூல் கூடுதலாக, 5, 6 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். நடுவில் குவித்து ஊற்றிவிட்டு "தானாகப் பரவிக்கொள்ளும்" என்று விட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும், கீழே உள்ள கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

## நடுப்பகுதி காயவே இல்லை

இதுதான் அதிகம் வருகிற கேள்வி. பதில் சொல்வதற்கு முன் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "காயவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, தகட்டின் நட்ட நடுவில் ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். பள்ளம் விழாமல், விரலில் ஒன்றும் ஒட்டாமல், லேசான பிசுக்கு மட்டும் தெரிந்தால் முடிந்துவிட்டது. பள்ளம் விழுந்தால் காயவில்லை. பள்ளம் விழவில்லை, ஆனால் அழுத்தும்போது தோலுக்கு அடியில் ஏதோ வழுக்கி நகர்கிற மாதிரி இருந்தால், அது மூன்றாவது வகை, அதுதான் மோசம்.

### ஓரம், நடு இரண்டுமே ஈரம்

பெரும்பாலும் வெறும் நேரப் பற்றாக்குறைதான். 60 டிகிரியில் ஓவன் 6 மணி நேரமும் எடுக்கும், தண்ணீர் நிறைந்த பழமாக இருந்தால் 18 மணி நேரம் வரைகூடப் போகும். இதற்கென்றே உள்ள டிஹைட்ரேட்டரைவிட ஓவன் இரண்டு மூன்று மடங்கு மெதுவானது, காற்றோட்டம் இல்லாததே காரணம். ஆறு மணி நேரம் ஆகியும் ஈரமாக இருக்கிறதே என்று சூட்டைக் கூட்டாதீர்கள். கூட்டினால் என்ன ஆகும் என்பது கீழே "மேலே தோல், அடியில் கூழ்" என்ற தலைப்பில் வருகிறது.

அடுத்து, ஈரம் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். கதவை இறுக்கச் சாத்தியிருந்தால் பழத்திலிருந்து கிளம்பிய ஆவி உள்ளேயே சுற்றும். மின்சார ஓவன் என்றால் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி 5 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம். அதற்கு முன் கையேட்டைப் பாருங்கள், சில ஓவன்கள் கதவு திறந்திருந்தால் ஓடாது, சிலவற்றில் மேலே உள்ள குமிழ்கள் சூட்டில் கெட்டுப்போகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கதவைத் திறந்து வைக்கும் முறையே வேண்டாம். கேஸ் ஓவனிலும் வேண்டாம். சுடர் அணைந்து வாயு கசியலாம், அறையில் கார்பன் மோனாக்சைடு சேரலாம். அங்கே அரை மணிக்கு ஒருமுறை கதவை முழுக்கத் திறந்து, ஆவியை வெளியேற்றிவிட்டு மூடுங்கள், வேலை முடியும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு ட்ரே அடுக்கினாலும் இதே கதைதான். இரண்டுக்கு மேல் வேண்டாம், இரண்டையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேல் கீழ் மாற்றி, முன் பின்னாகவும் திருப்புங்கள்.

கடைசியாகக் கூழே தண்ணியாக இருந்திருக்கலாம். ஃப்ரீசரில் இருந்த பழம், தர்பூசணி, ஆரஞ்சு போன்றவற்றில் இது சகஜம். உறைந்த பழத்தை உருகவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கூழை அகலமான பாத்திரத்தில் சின்னத் தீயில் கிளறி வற்றவைத்து, கரண்டியை இழுத்தால் கோடு ஒரு நொடி நிற்கிற பதத்தில் ட்ரேயில் ஊற்றுங்கள். அடுப்பில் பதினைந்து நிமிடம் வற்றவைப்பது ஓவனில் பல மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும். கூழ் 71 டிகிரியைத் தாண்டினால் கெடுதல் செய்யும் கிருமிகளில் பெரும்பாலானவையும் அதோடு போய்விடும், அதனால் எந்தப் பழமானாலும் நான் இந்தப் படியைத் தவிர்ப்பதில்லை.

### ஓரம் காய்ந்துவிட்டது, நடு மட்டும் குழகுழ

நடுவில் கூழ் கனமாக விழுந்திருக்கிறது, அல்லது ட்ரே குழிந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் காலி ட்ரேயை ஓவன் தட்டிலேயே வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ கூழும் அந்தப் பக்கம்தான் ஓடும். தட்டு சரிந்திருந்தால் சரியாக மாட்டுங்கள், மெல்லிய ட்ரே சூட்டில் முறுக்கிக்கொள்கிறது என்றால் கனமான ட்ரேதான் வழி.

இப்போது ஓவனில் இருப்பதைக் காப்பாற்ற முடியும். காய்ந்த ஓரத்தை மூன்று விரல் அகலத்துக்குக் கத்திரியால் வெட்டி எடுத்துவிடுங்கள், அது தின்னத் தயார். நடுவை மட்டும் திரும்ப உள்ளே வையுங்கள்.

### மேலே தோல், அடியில் கூழ்

சூடு அதிகமாகி மேல்புறம் அவசரமாக இறுகிவிட்டது, உள்ளிருக்கும் ஈரத்துக்கு இனி வெளியேற வாசல் இல்லை. இதை "போதும்" என்று சுருட்டி வைத்தால் உள்ளுக்குள் பூசணம் பிடிக்கும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால்தான் மோசம் என்றேன்.

சரி செய்ய, தகட்டின் மேல் இன்னொரு பேக்கிங் பேப்பரை வைத்து, இன்னொரு ட்ரேயால் மூடி அப்படியே கவிழ்த்துவிடுங்கள். இப்போது மேலே வந்திருக்கும் பழைய பேப்பரை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள், கொஞ்சம் கூழ் அதோடு வந்தால் கரண்டியால் வழித்துத் திரும்பப் பூசிவிடுங்கள். ஈரப்பக்கம் மேலே இருக்க, 60 டிகிரியில் ஒன்று, இரண்டு மணி நேரம்.

உங்கள் ஓவனின் மிகக் குறைந்த அளவே 75, 80 டிகிரி என்றால் (நிறைய ஓவன்கள் அப்படித்தான்) இந்தக் கோளாறு ஒவ்வொரு முறையும் வரும். மின்சார ஓவனில் கதவை இடைவெளி விட்டு வைத்தாலே தெர்மாமீட்டர் இறங்குவதைப் பார்க்கலாம். அதுவும் போதவில்லை என்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சூடு இறங்கியதும் மறுபடி போட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் நடக்கும். ஆனால் பாதி ஈரத்தோடு இருக்கும் ட்ரேயை அணைத்த ஓவனுக்குள் இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

## காய்ந்துவிட்டது, ஆனால் பேப்பரை விட்டு வரவில்லை

எந்தப் பேப்பர் என்று முதலில் பாருங்கள். மெழுகுப் பேப்பர் என்றால் மெழுகு உருகிப் பழத்தோடு சேர்ந்திருக்கும், அதை மீட்க வேண்டாம். அலுமினியத் தாளும் ஆகாது, கிழிந்து கிழிந்து வரும், புளிப்புள்ள பழத்தில் உலோகச் சுவையும் ஏறும். சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் அல்லது சிலிக்கான் மேட், இந்த இரண்டுதான். என் கை மேட் பக்கமே போகும், ஏனென்றால் பேப்பர் ஈரத்தில் சுருங்கிக்கொள்கிறது, மேட் சுருங்காது.

சரியான பேப்பர்தான், ஆனாலும் ஒட்டுகிறது என்றால் இன்னும் ஒரு மணி நேரம் காயவேண்டியிருக்கிறது. பெரும்பாலும் விஷயம் அவ்வளவே. லேசான இளஞ்சூட்டில் உரித்தால் எளிதாக வரும். அப்படியும் வராவிட்டால் ட்ரேயோடு ஃப்ரீசரில் பதினைந்து, இருபது நிமிடம் வைத்து எடுத்து, விறைப்பாக இருக்கும்போதே உரியுங்கள். பழத்தை இழுக்காமல் பேப்பரைத்தான் பின்னால் மடித்துக்கொண்டே போக வேண்டும்.

தேனோ சர்க்கரையோ கூடிப்போனாலும் ஒட்டும். இரண்டு கப் கூழுக்குக் கால் கப் தாராளம், நன்றாகப் பழுத்த பழத்துக்கு அதுவும் தேவையில்லை.

## நொறுங்குகிறது, சில்லுச் சில்லாக உடைகிறது

ஓரம் மட்டும் என்றால் அது கோளாறே இல்லை, வெட்டிவிடுங்கள். முழுத் தகடும் உடைகிறது என்றால் ஒன்று கூழ் மிக மெல்லியதாகப் பரவியிருக்கும், இல்லையென்றால் எடுக்க வேண்டிய நேரம் தாண்டியிருக்கும். கடைசி ஒரு மணி நேரத்தில் நிலைமை வேகமாக மாறும், அந்த நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விரல் வைத்துப் பார்ப்பது தவறவே கூடாது.

மீட்பது சுலபம். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, தகட்டின் மேல் ஒரே ஒரு தடவை தடவிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மென்மையாகிவிடும். ஆனால் தண்ணீர் காட்டிய தகட்டைச் சேமித்து வைக்கக் கூடாது, இரண்டு மூன்று நாளில் தின்றுவிட வேண்டும், அதுவரை ஃப்ரிட்ஜில். சேமிக்க வேண்டும் என்றால் தண்ணீர் இல்லாத வழி: உடைந்ததையும் கொஞ்சம் மென்மையாக வந்த துண்டுகளையும் ஒரே மூடிய டப்பாவில் போட்டு ஓர் இரவு விடுங்கள், ஈரம் தானாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

## வளைத்தால் வெடிப்பு விடுகிறது

காய்ந்த பதம் சரி, கனமும் சரி, ஆனாலும் பாளம் பாளமாகப் பிளக்கிறதா? பழத்தில் பெக்டின் (கூழை இறுக்கிப் பிடிக்கும் இயற்கைப் பொருள்) போதவில்லை. ஸ்ட்ராபெரி, செர்ரி, பீச் போன்றவற்றைத் தனியாகப் போட்டால் இது நடக்கும். வேகவைத்து மசித்த ஆப்பிளை நாலில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கலந்துவிடுங்கள், ஆப்பிளில் பெக்டின் நிறைய உண்டு, தன் சுவையை முன்னால் தள்ளாமல் மற்ற பழத்தைத் தாங்கிப் பிடிக்கும். கொய்யாவும் பிளம்ஸும்கூட இந்த வேலையைச் செய்யும்.

விதை, நார் அப்படியே இருந்தாலும் அந்த இடத்தில்தான் கிழியும். ராஸ்பெரி, அன்னாசி, நார் உள்ள மாம்பழம் என்றால் சல்லடையில் தேய்த்து வடிகட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

## நிறம் கறுத்துவிட்டது

ட்ரேயில் ஊற்றும்போதே பழுப்பாக இருந்ததா, ஓவனில் போன பிறகு மாறியதா? இதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஊற்றும்போதே என்றால் ஆப்பிள், வாழை, பேரிக்காய், பீச் வகையாகத்தான் இருக்கும். வெட்டியதும் காற்றுப்பட்டுக் கறுப்பவை இவை. இரண்டு கப் பழத்துக்கு இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, வெட்டும்போதே சேர்த்துவிடுங்கள், மிக்ஸியில் போடும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே கூழைச் சூடாக்குவதும் கறுப்பதைத் தடுக்கும்.

ஓவனில் மாறியது என்றால் சூடுதான். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பக்கம் ஓவன் கூடுதலாகக் காய்கிறது, ட்ரேயைத் திருப்பினால் தீரும். மொத்தமும் கறுத்து, கருகிய வாடையும் அடித்தால் தெர்மாமீட்டர் சோதனைக்குத் திரும்புங்கள். ஸ்ட்ராபெரி மட்டும் விதிவிலக்கு, எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தச் செக்கச்செவேல் நிறம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.

## ஓட்டை, குமிழி, அலை அலையான கோடு

மிக்ஸியில் அதிக வேகத்தில் நேரம் கூடுதலாக அடித்தால் கூழில் காற்று ஏறிவிடும். பத்து நிமிடம் அப்படியே வைத்து, நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு ட்ரேயை மேடையில் இரண்டு தட்டு. அலை அலையான கோடு வந்தால் அது பேப்பர் சுருக்கம். மின்விசிறி உள்ள ஓவனில் பேப்பரின் மூலைகள் எழும்பிக் கூழின் மேல் கவிழ்ந்துகொள்ளும், அதனால் நான்கு மூலைக்கும் அடியில் ஒரு சொட்டுக் கூழ் தடவி ட்ரேயோடு ஒட்டிவிடுங்கள்.

## சில நாளில் வெள்ளைப் புள்ளி

பயப்படுவதற்கு முன் வெளிச்சத்தில் கிட்டே வைத்துப் பாருங்கள். பளிச்சென்று மின்னும் சின்னச் சின்னப் படிகமாக, நகத்தால் சுரண்டினால் நறநறவென்று இருந்தால் அது சர்க்கரை வெளியே பூத்தது, தாராளமாகத் தின்னலாம். நாள்பட வைக்கிற தகட்டுக்குச் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்தால் இது வராது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மட்டும் தேன் சேர்த்ததைக் கொடுக்கக் கூடாது.

மின்னாமல், பஞ்சு போல, வெள்ளையோ பச்சையோ சாம்பலோ கலந்த திட்டு, கூடவே மக்கின வாடை என்றால் பூசணம். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைத் தின்னலாமா என்று கேட்பார்கள். கூடாது. கண்ணுக்குத் தெரியும் திட்டைத் தாண்டி உள்ளே பரவியிருக்கும், அதே டப்பாவில் சுருட்டி வைத்த மற்றவையும் சேர்த்துப் போக வேண்டியதுதான். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள்.

## சுருள் வியர்க்கிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்திருப்பீர்கள். உரிப்பது, சுருட்டுவது இளஞ்சூட்டில் நடக்கலாம், ஆனால் மூடுவது முழுக்க ஆறிய பிறகுதான். ஒவ்வொரு சுருளுக்கும் இடையில் பேக்கிங் பேப்பர் வைத்தே சுருட்டுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாட்களில் மேசையில் மணிக்கணக்கில் ஆறவிட்டால் வெளி ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும், ஆறியதும் உடனே மூடிவிடுங்கள்.

சரியாகக் காய்ந்தது அறைச் சூட்டில் ஒரு மாதம் வரை இருக்கும், ஃப்ரீசரில் ஒரு வருடம்.

## தாங்க முடியாத இனிப்பு அல்லது கசப்பு

தண்ணீர் போனபின் மிஞ்சுவது எல்லாமே செறிவாகும். ஊற்றும்போது கூழின் இனிப்பு ஒரு படி குறைவாக இருந்தால்தான் முடிவில் சரியாக வரும். ஏலக்காய், பட்டை, இஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கசந்தால் தோலின் உள்வெள்ளையோ விதையோ சேர்த்து அரைபட்டிருக்கலாம், அல்லது அடி கருகியிருக்கும். சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்டிருந்தால் அதையும் சந்தேகியுங்கள், சில வகைகள் சூட்டில் இனிப்பை இழந்துவிடும்.

## எப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் மூன்று ட்ரே தொடர்ந்து கெட்டால் பழத்தை விட்டுவிட்டு ஓவனைப் பாருங்கள். முதலில் கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுங்கள், சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும், ஓரிடத்தில் லகுவாக வழுகி வந்தால் ரப்பர் போய்விட்டது. அதை மாற்றுவது பொதுவாகச் சின்னச் செலவு. அடுத்து, தெர்மாமீட்டர் எப்போதும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் பழுது பார்க்கவே வேண்டாம். 15 டிகிரி கூடுதல் என்றால் 15 குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், சில ஓவன்களில் இதைத் திருத்தும் அமைப்பே கையேட்டில் இருக்கும்.

ஆனால் எண் நிலையாக நிற்காமல் 60-க்கு வைத்தால் ஒருநாள் 50, ஒருநாள் 100 என்று தாவினாலோ, சூடேறி அணையவே மறுத்தாலோ சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அல்லது அதை அளக்கும் சென்சார் கோளாறு. ஒரு பக்கச் சூடேற்றும் கம்பி (coil) மட்டும் சிவக்காமல் இருப்பது, பிரேக்கர் விழுவது, ஒயர் கருகும் வாடை வருவது, இவற்றிலும் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் ஓவனில் சுடர் மஞ்சளாக எரிந்தாலோ அடிக்கடி அணைந்தாலோ ஓவனை நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். வாயு வாடையே வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், வால்வு கைக்கெட்டினால் மூடிவிட்டு, வழியிலுள்ள கதவு ஜன்னலைத் திறந்தபடி வெளியே வந்து அங்கிருந்து கூப்பிடுங்கள். வருகிறவரிடம் "ஓவன் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்த எண்கள் உள்ள தாளைக் கையில் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டா சென்சாரா என்று தேட அவருக்கு அது நல்ல தொடக்கம்.